நிறையா, திணிவா? விடைத்தாளில் தடம் மாறும் சொல்

வெள்ளவத்தையில் என்னிடம் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருத்தி, சென்ற வாரம் ஒரு கணக்குக்கு "பெட்டியின் நிறை 60 கிலோகிராம்" என்று விடை எழுதியிருந்தாள். எண்ணும் அலகும் சரியாக இருந்தன, சொல்தான் பிழை. தமிழ்நாட்டுக் காணொளியைப் பார்த்துப் படித்ததாகப் பிறகு சொன்னாள். ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நிறை' என்றும், அப்பொருளைப் புவி இழுக்கும் விசையை 'எடை' என்றும் குறிக்கின்றன. நமது இலங்கைப் பாடநூல்களிலோ முன்னையது 'திணிவு', பின்னையதே 'நிறை'. காணொளிகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அங்கே 'நிறை' என்று கேட்டதும் குறிப்பேட்டில் 'திணிவு' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு அலகில் நேர்வது. திணிவைக் கிலோகிராமிலும், நிறை ஒரு விசை என்பதால் அதை விசையின் அலகான நியூற்றனிலும் எழுத வேண்டும். 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறை, புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு (விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் வீதத்துக்கு) வகுப்பில் வழக்கமாகக் கொள்ளும் 10 என்ற பெறுமானத்தால் திணிவைப் பெருக்கினால், 600 நியூற்றன் ஆகும். உண்மையில் கொழும்பில் அந்த ஆர்முடுகல் ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83 என்பதால், அதே மனிதரின் நிறை இங்கே ஏறத்தாழ 587 நியூற்றனாகவும் அங்கே 590 நியூற்றனாகவும் இருக்கும். சந்திரனில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திணிவோ எங்கு சென்றாலும் 60 கிலோகிராம்தான்.

தராசுகளையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஒரு கிலோ அரிசிப் பையை நியூற்றன் தராசில் தொங்கவிட்டால், வில் இழுபட்டு, காட்டி 10 என்ற கோட்டுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அது காட்டுவது விசையை. இருதட்டுத் தராசு படிக்கல்லையும் பொருளையும் ஒப்பிடுவதால், சந்திரனிலும் அதே ஒரு கிலோவையே காட்டும்.

இதைப் படித்துவிட்டுக் கடைக்காரரைத் திருத்தப் போவதும் தவறுதான். பால்மாப் பொதியில் 'தேறிய நிறை 400 கிராம்' என்று அச்சிட்டிருப்பது, பௌதிகவியலின்படி திணிவையே குறிக்கிறது என்றாலும், அன்றாட வழக்கில் 'நிறை' நிறுத்து அறியும் அளவு முழுவதற்குமான சொல். வாங்குபவரும் விற்பவரும் அதை ஒரே பொருளில் விளங்கிக்கொள்கிறார்கள்.