சுரத்தின் பெயர் சொல்லும் காது: பெற்றோரும் ஆசிரியரும் விடும் பிழைகள்

மட்டக்களப்பு கல்லடியில் வாய்ப்பாட்டு படிப்பிக்கிறேன். ஒருநாள் கீபோட்டில் சி என்ற மேலைநாட்டுச் சுரத்தின் கீயை அழுத்தி, "இது சி" என்றேன். "இல்ல ரீச்சர், இது டி" என்றாள் ஒரு பத்து வயதுப் பிள்ளை. திரும்பவும் அழுத்தினேன். திரும்பவும் டி என்றாள். அடம்பிடிக்கிறாள் என்று நினைத்து அதட்டிவிட்டேன், பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பு முடிந்த பிறகுதான் பார்த்தேன்: முதல்நாள் பஜனைக்காக ட்ரான்ஸ்போஸில் (எல்லாக் கீயின் ஒலியையும் ஒருசேர ஏற்றி இறக்கும் வசதி) இரண்டு அரைச்சுரம் ஏற்றி வைத்தது அப்படியே கிடந்தது. விரல் வைத்தது சியில்தான், ஆனால் ஒலித்தது டி. அடுத்த வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வேறு எந்தச் சுரத்தோடும் ஒப்பிடாமல், கேட்ட மாத்திரத்தில் சுரத்தைப் பெயர் சொல்வதுதான் பெர்ஃபெக்ட் பிச். அப்படிச் சொல்கிற பிள்ளையை நம்பாமல் விடுவதுதான் முதல் பிழை.

சோதிக்கும் முறையிலும் பிழை விடுகிறோம். "இது ச" என்று ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு மற்றதைக் கேட்டால், பிள்ளை இடைவெளியை அளந்து சொல்லும். அது வேறு திறமை, பயிற்சியால் எந்த வயதிலும் வளரும். நம் சங்கீதத்துக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே பெர்ஃபெக்ட் பிச் இல்லை என்று எந்தத் தாய் தகப்பனும் கவலைப்படத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, 'ச' என்றால் சி என்று பிள்ளையின் மனதில் பதித்துவிடுவது. நமக்கு ச என்பது பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ப வைக்கிற இடம். ஒரு கட்டைச் சுருதியில் (ச-வைச் சியில் வைப்பது) 'ப' ஆக நிற்கும் ஜி, ஐந்து கட்டைக்கு (ச-வை ஜியில் வைப்பது) போனால் 'ச' ஆகிவிடும். பெர்ஃபெக்ட் பிச் உள்ள பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். ச என்று பாடும்போது உள்ளே ஜி என்று கேட்டுக்கொண்டிருக்கும். தமிழிசை தொடக்கத்திலிருந்தே சுரத்தை உறவாகத்தான் பார்த்திருக்கிறது. செம்பாலை என்ற பழந்தமிழ்ச் சுரவரிசையில் இளியை, அதாவது ப-வை, குரலாக, அதாவது ச-வாக, எடுத்தால் கோடிப்பாலை என்ற வேறு வரிசை பிறக்கும். அதே நரம்புகள்தான், அதாவது அதே சுரங்கள்தான், தொடங்கும் இடம் மட்டும் வேறு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இந்த இசைக்கணக்கைத்தான் விரித்து வைத்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு ச-வைக் கீபோட்டில் ஆணியடித்து வைக்கலாமா?

பழைய ஆர்மோனியத்தை வைத்து இந்தக் காதுகளைத் திருத்தப் போவதும் வேண்டாம். இன்றைய அளவில் நடு ஏ என்பது 440 ஹேர்ட்ஸ். ஆர்மோனியத்தின் நாட்பட்ட ரீட் (ஒலி எழுப்பும் உலோக நாக்கு) அதிலிருந்து விலகி நிற்கும், பிள்ளை சொல்வது சரியாக இருக்கும். ஐரோப்பாவின் பழைய பரோக் கால இசையை வாசிக்கும் குழுக்கள் ஏ-யை 415இல் வைத்து வாசிக்கின்றன, கிட்டத்தட்ட அரைச்சுரம் கீழே. ஆக 440 என்பதும் மனிதர் பேசி வைத்துக்கொண்ட அளவுதான். வயது போகப் போக, இந்தக் காது உள்ளவர்களுக்கே சுரம் சற்று ஏறிக் கேட்பதும் உண்டு.

வளர்ந்தவர்கள் இந்தக் காதைப் பெற ஆப்களுக்குக் காசு கொட்டுவதையும் காண்கிறேன். இந்தக் காது உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆறு, ஏழு வயதுக்குள் இசை தொடங்கியவர்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல சுருதிப்பெட்டி வாங்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒவ்வொரு கிழமையும் சுருதியை அரைக்கட்டை மாற்றி அதே தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைப் பாடக் கொடுக்கிறேன். கீயின் பெயரைச் சொல்லவிடாமல், கண்ணை மூடி முதலில் ச-வில் நிற்கச் சொல்வேன். முதல் மாதம் தடுமாறினாள். இப்போது ஐந்தரைக் கட்டையிலும் தயங்காமல் ப-வைப் பிடிக்கிறாள்.