பழைய ஓ ஃபைல் செய்யும் வேலை: புதியவர்களுக்கு மேக்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் போடும் புரோகிராமை சி மொழியில் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். மெயின்.சி, கூலி.சி, பில்.சி என மூன்று ஃபைல். டெய்லர் எண், பீஸ் எண்ணிக்கை, பைசாவில் பீஸ் ரேட் என மூன்று இன்ட் (முழு எண்) வரிசையாகக் கொண்ட ஸ்ட்ரக்ட், கூலி.ஹெச் என்ற ஹெடர் ஃபைலில் இருக்கிறது. மூன்று ஃபைலும் அதை இன்க்ளூட் செய்கின்றன.

எந்த ஃபைலைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும் என்று பார்த்து, அதை மட்டும் செய்யவைக்கும் கருவிதான் மேக். மூன்று ஃபைலுக்கு அது எதற்கு, சி கம்பைலரான ஜிசிசிக்கு மொத்தமாகக் கொடுத்தால் நொடியில் முடியுமே என்று கேட்கலாம். சரிதான். ஃபைல்கள் முப்பது நாற்பது ஆனதும் மாற்றியதை மட்டும் கையால் கம்பைல் செய்யத் தொடங்குவீர்கள். வினை அங்கேதான்.

பீஸ் ரேட்டுக்கு முன்னால் பி.எஃப். பிடித்தம் என்று ஓர் இன்ட் சேர்க்கிறீர்கள். மெயினையும் கூலியையும் கம்பைல் செய்துவிட்டு, பில்.சியைத் தொடவே இல்லையே என்று விட்டுவிடுகிறீர்கள். ஒவ்வொரு .சி ஃபைலையும் கம்பைல் செய்தால் ஒரு .ஓ ஃபைல் கிடைக்கும்; அவற்றை ஒரே புரோகிராமாக இணைக்கும் லிங்கர் வாய் திறக்காது. அது பெயர்களைத்தான் பொருத்தும், ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைப் பார்க்காது. பழைய பில்.ஓ, ரேட்டைப் பழைய இடத்திலேயே தேடும். அங்கே இப்போது இருப்பது பி.எஃப். தொகை. கோடில் ஒரு தப்பும் இருக்காது, பில் மட்டும் கன்னாபின்னாவென்று வரும்.

1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதியதற்குத் தூண்டுதலும் இதே வகைச் சிக்கல்தான். சரிசெய்த ஃபைலைக் கம்பைல் செய்யாமல் விட்டுவிட்டு, சரியான புரோகிராமில் பிழை தேடி நேரத்தைத் தொலைத்தார் அவருடைய சக ஊழியர் ஒருவர். நேரம் மிச்சம் என்பதைவிட, ஓடுவது நாம் கடைசியாக எழுதியதுதான் என்ற உறுதியே மேக்கின் பெரிய பயன்.

உபுண்டுவில் ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்’ கொடுத்தால் ஜிசிசியும் மேக்கும் சேர்ந்தே வரும். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரில் மேக்ஃபைல் என்ற பெயரில் ஒரு ஃபைல் திறந்து எழுதுங்கள். கீழே → என்பது டேப் விசை. பெயர்களையும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சம்பளம்: மெயின்.ஓ கூலி.ஓ பில்.ஓ
→ ஜிசிசி -ஓ சம்பளம் மெயின்.ஓ கூலி.ஓ பில்.ஓ

பில்.ஓ: பில்.சி கூலி.ஹெச்
→ ஜிசிசி -சி பில்.சி

மெயின்.ஓ, கூலி.ஓ இரண்டுக்கும் இதே அச்சில் விதி எழுதுங்கள். கோலனுக்கு இடப்பக்கம் உருவாக வேண்டியது, வலப்பக்கம் அதற்குத் தேவையானவை. வெறுமனே ‘மேக்’ என்று தட்டினால் முதல் விதியை எடுத்துக்கொள்ளும். உருவாக வேண்டியது இன்னும் இல்லாவிட்டாலோ, தேவையான ஃபைல் அதைவிடப் பிந்தி மாறியிருந்தாலோ மட்டும் கட்டளை ஓடும். லேபிள் மாறியதற்காகத் துணியைத் திரும்பச் சாயப்பட்டறைக்கு யாரும் அனுப்புவதில்லை அல்லவா?

கூலி.ஹெச்சைக் கையால் எழுத மறந்தால் பழைய வினை திரும்பிவிடும். ஜிசிசிக்கு -எம்எம்டி -எம்பி என்று பெரிய எழுத்தில் கொடுங்கள். எந்த ஹெடரெல்லாம் தேவை என்பதை அதுவே பில்.டி போன்ற ஃபைல்களில் எழுதி வைக்கும். மேக்ஃபைலின் கடைசியில் ‘-இன்க்ளூட் மெயின்.டி கூலி.டி பில்.டி’ சேருங்கள். முன்னால் உள்ள சிறு கோடு (-) முக்கியம்: முதல் தடவை அந்த ஃபைல்கள் இருக்காது, அந்தச் சிறு கோடு இருந்தால் மேக் அதற்காக நின்றுவிடாது.

‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று வந்தால் பெரும்பாலும் டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டினால் இது சகஜம். ‘கேட் -ஏ மேக்ஃபைல்’ (ஏ பெரிய எழுத்து) கொடுத்தால் டேப் உள்ள இடம் ^ஐ என்று தெரியும்.

லேப் கம்ப்யூட்டரில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் இப்போது திருத்திய ஃபைலும் பழசாகவே தெரியும். ‘க்ளாக் ஸ்கியூ’ (நேரம் பொருந்தவில்லை) என்ற எச்சரிக்கை வரும். தேதியைச் சரிசெய்து, பெரிய எழுத்தில் ‘மேக் -பி’ கொடுத்தால் எல்லாம் புதிதாக உருவாகும். ஜிசிசியின் ஆப்ஷனை மாற்றினாலும் இதையே செய்யுங்கள். மேக்ஃபைலுக்குள் மாறியதை மேக் தானாகக் கணக்கில் எடுக்காது.

பெரிய புரோகிராம் என்றால் ‘மேக் -ஜே4’ நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும். எண் போடாமல் -ஜே மட்டும் கொடுத்தால் வரம்பே இல்லை. ராம் குறைந்த லேப்டாப் திணறிவிடும். -ஜே கொடுத்தால் மட்டும் பிழை வருகிறது என்றால், கோலனுக்கு வலப்பக்கம் எதையோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.