தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாது

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, கிடைத்த விடையைப் பயண நேரமாக நம்பிவிடுகிறார்கள் பலர். அந்த வேகம் உச்சியில் பறக்கும்போது மட்டுமே கிடைப்பது. ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் கணக்கில் விடுபட்டுப் போகின்றன. டிக்கெட்டில் உள்ள நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்பதுவரையிலானது.

போகும் நேரம்தான் திரும்பும் நேரமும் என்று எண்ணுவது அடுத்த தவறு. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 5,540 கி.மீ. மேற்கு நோக்கிப் போக ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். திரும்பி வர 7 மணி நேரம் போதும். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் ஒரு திசையில் தள்ளிவிடுகிறது, மறுதிசையில் தடுக்கிறது. குளிர்காலத்தில் அதன் வலு இன்னும் கூடும்.

தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அந்த ரேகையிலேயே நேர் கிழக்காகப் போனால் சுமார் 5,930 கி.மீ.; வடக்கே வளைந்து போனால் சுமார் 5,760 கி.மீ. உருண்டையின் மேல் வளைவுதான் குறுக்குவழி. ஆனால் அந்தக் குறுக்குவழியும் எப்போதும் திறந்திருக்காது. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரம்போல இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. ஊர்கள் நகரவில்லை, பாதைதான் நீண்டது. பழைய நேரத்தை நம்பி இணைப்பு விமானத்துக்கு டிக்கெட் எடுத்தவர் தவித்துப்போவார்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது கடிகாரம். டிக்கெட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும். கோடையில் டோக்கியோவிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதி காலை 11 மணிக்கு இறங்குவீர்கள். நேரடியாகக் கழித்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு (யு.டி.சி.) மாற்றிவிட்டுக் கழியுங்கள். நேர வித்தியாசத்தை மனப்பாடமாக வைத்திருப்பதும் ஆபத்து: லண்டனும் நியூயார்க்கும் 5 மணி நேர வித்தியாசம் என்பார்கள். ஆனால் கோடைக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது, பிரிட்டன் அம்மாதக் கடைசி ஞாயிறன்றுதான். இடைப்பட்ட வாரங்களில் வித்தியாசம் 4 மணி நேரமே.

மைல் என்று இருந்தால் எந்த மைல் என்றும் பாருங்கள். கடல் மைல் 1.852 கி.மீ., தரை மைல் 1.609 கி.மீ. ஊர்ப் பெயரை மட்டும் தட்டித் தேடவும் வேண்டாம்; கனடாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. ஆஸ்திரேலியச் சிட்னி விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு எஸ்.ஒய்.டி., கனடாவினுடையது ஒய்.கியூ.ஒய். தூரம் தேடும்போதும் டிக்கெட் எடுக்கும்போதும் அந்த மூன்று எழுத்துகளைச் சரிபாருங்கள்.