ஓடிக்கொண்டிருக்கும் சூப்பர் ஹீரோ சீசனைப் பற்றி எழுதுவது எப்படி?

வாராவாரம் வரும் சூப்பர் ஹீரோ சீரிஸில் ஒரு நல்ல எபிசோடைப் பார்த்துவிட்டு உடனே நாலு வரி எழுதாமல் தூங்கப் போக முடியாது. எழுதுங்கள், அதில்தான் பாதி சுகமே இருக்கிறது. ஆனால் முடிந்துபோன படத்துக்கு விமர்சனம் எழுதுவதும், நடுவழியில் நிற்கிற கதைக்குக் கருத்து சொல்வதும் ஒரே வேலை இல்லை, ஏனென்றால் சீசனில் கதாசிரியர் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது நிறைய. அதை மறந்துவிட்டு மூன்றாவது எபிசோடிலேயே தீர்ப்பு எழுதினால், பத்தாவது எபிசோடில் நாம் எழுதியதை நாமே படிக்க முடியாது. கீழே தி ஃப்ளாஷ், ஆரோ, வாண்டாவிஷன், ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட் எல்லாவற்றின் முக்கியமான ட்விஸ்ட்களும் வருகின்றன, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதல் வேலை, மூன்று விஷயங்களைப் பிரித்து எழுதுவது: திரையில் என்ன நடந்தது, அது உங்களுக்கு எப்படி இருந்தது, இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சீசன் நடுவில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை மூன்றாவதை முதலாவதோடு கலப்பதால் வருபவை. நம் யூகத்தை நாலு வாரம் திரும்பத் திரும்பப் பேசினால், அது கதையே கொடுத்த வாக்கு மாதிரி மனதில் உட்கார்ந்துவிடும்.

வாண்டாவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி 15 அன்று முதல் இரண்டு எபிசோடுகள் சேர்ந்து வந்தன, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, மொத்தம் 9. இரண்டாவது வாரத்துக்குள்ளேயே இதற்கெல்லாம் பின்னால் மார்வெல் காமிக்ஸின் சாத்தான் வில்லன் மெஃபிஸ்டோ இருக்கிறான் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். மார்ச் 5 அன்று கடைசி எபிசோட் வந்தது, மெஃபிஸ்டோ வரவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரே கூச்சல். அதே சமயம் ஐந்தாவது எபிசோடின் முடிவில், காமிக்ஸில் வாண்டாவின் சகோதரனான குவிக்சில்வராக எக்ஸ்-மென் படங்களில் நடித்த இவான் பீட்டர்ஸ் வந்து வாண்டாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். கடைசியில் அவர் ரால்ஃப் போனர் என்ற ஓர் உள்ளூர் ஆசாமி, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார்கள். இந்த இரண்டு ஏமாற்றமும் ஒன்றில்லை. மெஃபிஸ்டோவைச் சில வசனங்களை வைத்து நாமே கட்டினோம், அதற்கு சீரிஸ் பொறுப்பில்லை. அந்த நடிகரையே தேடிப் பிடித்து, அந்த இடத்தில் எபிசோடை நிறுத்தி, ஒரு வாரம் நம்மைத் தவிக்க விட்டது சீரிஸேதான், அந்தக் கோபம் நியாயமானது. குறை எழுதுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எதிர்பார்க்க வைத்தது யார், கதையா, நானா?

அடுத்தது சாவு. சூப்பர் ஹீரோ கதைகளில் யார் செத்தாலும் உடனே வரும் இரண்டு எதிர்வினைகள், "ஐயோ போச்சே" என்பதும் "எப்படியும் திரும்பி வந்துவிடுவான், விடு" என்பதும். இரண்டாவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஏன் என்று ஒரு காட்சியை வைத்தே சொல்கிறேன். தி ஃப்ளாஷ் முதல் சீசனின் 15ஆவது எபிசோட், 2015 மார்ச் 17 அன்று வந்தது. ஆரம்பத்திலேயே, அதிவேகமாக ஓடும் ஹீரோ பேரி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் தன்னைப் போலவே இன்னொருவன் ஓடுவதைப் பார்க்கிறான், ஒரு நொடிதான். பிறகு பேரியின் குழுவில் இருக்கும் சிஸ்கோ, வில்லன் ரிவர்ஸ் ஃப்ளாஷைப் பிடிக்க வைத்த பழைய பொறியைத் திரும்பச் சோதித்து, அன்று அதில் சிக்கியது வெறும் பிம்பம் என்று கண்டுபிடிக்கிறான். அந்த நேரம் பார்த்து உள்ளே வரும், அவர்களுக்கு வழிகாட்டியான விஞ்ஞானி ஹாரிசன் வெல்ஸ் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. தான்தான் அந்த வில்லன் என்று தன் நிஜப் பெயரைச் சொல்கிறார், நீ எனக்கு மகன் மாதிரி என்று கண்கலங்கச் சொல்கிறார், அதிரும் கையை அவன் நெஞ்சுக்குள் இறக்குகிறார். அதே எபிசோடின் முடிவில் சுனாமியைத் தடுக்கக் கரையோரம் முன்னும் பின்னும் ஓடும் பேரி, வேகம் எல்லை மீறி ஒரு நாள் பின்னால் போய் விழுகிறான். ஆக சிஸ்கோ சாகவில்லை, அடுத்த வாரமே அது அழிந்துபோன சம்பவமாகிவிட்டது.

அன்றைக்கே "இதெல்லாம் ரீசெட், மதிப்பே இல்லை" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில வாரங்களில் சிஸ்கோவுக்குத் தான் கொல்லப்பட்டது கனவாக வர ஆரம்பிக்கிறது, அந்தக் கனவிலிருந்துதான் மற்றவர்கள் வெல்ஸுக்கு எதிராக ஆதாரம் தேடுகிறார்கள், நடக்காத ஒன்று அவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்ற கேள்விதான் கடைசி எபிசோடில் அவனுக்கும் சக்தி இருப்பதற்கான அடையாளமாகிறது. அழிந்துபோன ஒரு சாவு மூன்று வேலை செய்திருக்கிறது. அதனால் செத்தவன் நிரந்தரமாகச் செத்தானா என்று பார்க்காதீர்கள், அந்தச் சாவு யாரை மாற்றுகிறது என்று பாருங்கள். நாலு எபிசோட் தாண்டியும் யாருமே மாறவில்லை என்றால் அப்போது தாராளமாகத் திட்டலாம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஆரோ நான்காவது சீசன். 2015 அக்டோபரில் முதல் எபிசோடின் முடிவிலேயே ஹீரோ ஆலிவர் ஒரு கல்லறை முன்னால் நிற்பதைக் காட்டிவிட்டார்கள், யாருடையது என்று சொல்லவில்லை. பதில் 2016 ஏப்ரலில், 18ஆவது எபிசோடில்தான் வந்தது, ஆலிவரின் குழுவில் இருந்த லாரல். இடைப்பட்ட மாதங்களில் யார், யார் என்று மட்டுமே பேசியதால், அவள் ஏன் சாக வேண்டும் என்பதற்குக் கதையில் இருந்த காரணம் போதவில்லை என்பது பலருக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. இந்த மாதிரிப் புதிர் போடும் சீசனில் "யார்" என்ற யூகத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் "ஏன்" பக்கம் கதை ஒரு அடியாவது நகர்ந்ததா என்று குறித்து வையுங்கள். நகரவில்லை என்றால் அதுதான் எழுத வேண்டிய விஷயம்.

சீசனின் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். தி ஃப்ளாஷின் முதல் நான்கு சீசன்களும் தலா 23 எபிசோடுகள். அவ்வளவு நீளத்தில் அந்தந்த வார வில்லனோடு முடிந்துபோகும் எபிசோடுகள் வரத்தான் செய்யும், அதை இழுவை என்று ஒரே அடியாக ஒதுக்காமல், அதற்குள் பெரிய கதைக்கு இரண்டு நிமிடமாவது ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒன்பது எபிசோட் மட்டுமே உள்ள சீசனில் அந்தச் சலுகை கிடையாது, அங்கே ஒரு வாரம் வீணானால் அது பெரிய ஓட்டைதான்.

மெதுவாக ஆரம்பித்த சீசனைக் கைகழுவும் முன் ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2013 செப்டம்பரில் ஆரம்பித்து மாதக்கணக்கில் "உப்புச் சப்பில்லை" என்று பேச்சு வாங்கியது. 2014 ஏப்ரலில் கேப்டன் அமெரிக்காவின் இரண்டாவது படம் ஷீல்ட் என்ற உளவு அமைப்புக்குள் ஹைட்ரா என்ற எதிரி அமைப்பு ஊடுருவி இருப்பதை உடைத்தது, அடுத்த சில நாட்களில் வந்த 17ஆவது எபிசோடில் ஷீல்ட் குழுவிலேயே இருந்த கிராண்ட் வார்ட் துரோகி என்று தெரிந்தது. அதுவரை விறைப்பாக, சுவாரஸ்யமே இல்லாமல் தெரிந்த வார்டின் பழைய காட்சிகளைத் திரும்பப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். இதற்காக முதல் பதினாறு எபிசோடும் பிரமாதம் என்று மாற்றி எழுத வேண்டியதில்லை, அலுப்பு தட்டியது உண்மைதான். "இதுவரை பிடிக்கவில்லை" என்று எழுதுங்கள், "இது தேறாது" என்று எழுதாதீர்கள். முதல் வாக்கியம் எந்த ட்விஸ்ட் வந்தாலும் பொய்யாகாது.

நான் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்பது குறை ஆகாது. ஃப்ளாஷ் மூன்றாவது சீசனில் வில்லன் சாவிட்டார் எதிர்காலத்துப் பேரிதான் என்று பலர் வாரக்கணக்கில் முன்னாலேயே சொன்னார்கள், சரியாகவும் இருந்தது. கண்டுபிடிக்க முடிந்தது என்றால் தடயங்களை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் ரிவர்ஸ் ஃப்ளாஷ், ஜூம், சாவிட்டார் என்று தொடர்ந்து மூன்று சீசனும் வேகமாக ஓடும் வில்லனே வந்தது உருப்படியான குறை, நான்காவது சீசனில் ஓடாத வில்லனாக திங்கரைக் கொண்டுவந்தது எவ்வளவு தேவையான மாற்றம் என்பதும் அப்போதுதான் புரியும்.

பாத்திரத்தின் மேல் வரும் கோபத்தை நடிப்பவர் மேல் காட்டாதீர்கள். ஃப்ளாஷில் பேரியின் காதலி ஐரிஸாக நடித்த கேண்டிஸ் பேட்டன் ஆரம்பத்திலிருந்தே இனவெறி வசவுகளைச் சந்தித்ததைப் பொதுவெளியில் பேசியிருக்கிறார். ஐரிஸுக்கு எழுதப்பட்ட கதை பிடிக்கவில்லை என்றால் எழுதியதைப் பற்றிப் பேசுங்கள், எந்த எபிசோடில் எந்த முடிவு ஒட்டவில்லை என்று சொல்லுங்கள்.

அதே போல வெளியிட்ட முறை மேல் வரும் கோபத்தையும் கதை மேல் ஏற்றாதீர்கள். தி பாய்ஸ் முதல் சீசனின் 8 எபிசோடுகளும் ஒரே நாளில் வந்தன. 2020 செப்டம்பரில் இரண்டாவது சீசனை மூன்று எபிசோடுகளோடு ஆரம்பித்து மீதியை வாரம் ஒன்றாக விட்டதும், அதற்காகவே ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் ஏராளம். புதிதாகப் பார்க்க வருபவருக்கு அந்த ஒரு நட்சத்திரம் எதுவுமே சொல்லாது.

ஸ்பாய்லர் விஷயம் சுருக்கம்தான். எந்த சீசன், எந்த எபிசோட் வரை பேசுகிறீர்கள் என்பதை முதல் வரியில் போடுங்கள், தலைப்பில் பெயரோ சாவோ வர வேண்டாம்.

கடைசியாக, சீசன் முடிந்ததும் வாராவாரம் எழுதியதை வரிசையாகப் படித்துவிட்டு முழு சீசனுக்கு எழுதுங்கள், ஆனால் கதை நிஜமாகவே முடிந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் ஆறாவது சீசன் கொரோனாவால் படப்பிடிப்பு நின்று 2020 மே மாதம் 19 எபிசோடுகளோடு நின்றுவிட்டது, ஐரிஸ் கண்ணாடி உலகத்துக்குள் மாட்டியது மாட்டியபடியே இருந்தாள். அந்தக் கதை 2021 மார்ச்சில் வந்த ஏழாவது சீசனின் முதல் மூன்று எபிசோடுகளில்தான் முடிகிறது. ஆறாவது சீசனைப் பற்றி எழுதுபவர் அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.