சுவர் ஏறும் முன் கையைக் கழுவுங்கள்

கொழும்பில் முதல் தடவையாகச் சுவரேறும் ஜிம்முக்குப் போகிறவர்கள், போனவுடன் பிடிமானத்துக்கான சாக் பவுடரைக் கையில் அள்ளிப் பூசாமல், சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே இருந்து உடம்பு ஆறிய பிறகு பூசுங்கள். அந்தத் தூள் மகனீசியம் காபனேற்று. ஈரத்தை உறிஞ்சும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாக எடுக்காது. தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், சன்கிரீம், அப்புறம் காலி வீதி நெரிசலில் ஓட்டோவுக்குள் ஊறிய வியர்வை எல்லாம் கையில் இருந்தால் தூள் களியாகிப் பிடி வழுக்கும். நீங்கள் கையில் பலம் இல்லையென்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், அரை மணித்தியாலத்தில் முன்னங்கை கல்லாகிவிடும், கட்டிய காசும் வீண்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இடையில் கழுவ வேண்டாம், தண்ணீரில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். இடையில் துணியால் துடைத்தால் போதும். இயல்பிலேயே வறண்ட கை உள்ளவர்களுக்கு முதலில் கழுவுவதால் பெரிய பலன் இல்லை. தூளுக்குப் பதில் திரவமாக வரும் சாக்கில் பெரும்பாலும் மதுசாரம் இருக்கும், விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் திரவத்தைப் பூசாதீர்கள்.