பிஎச்பிக்குள் பைத்தானை ஓட்டும்போது எங்கே சறுக்குகிறது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு மீன் வியாபாரிக்குக் கணக்குப் பார்க்கும் இணையச் செயலி எழுதிக் கொடுத்தேன். முகப்பு, இணையப் பக்கங்களுக்கான பிஎச்பி மொழியில். ஏல விலையில் ஐஸ், டீசல், முன்பணம் கழித்துப் படகுவாரியாகப் பட்டியல் போடும் வேலை மட்டும் அவரிடம் ஏற்கெனவே இருந்த, பைத்தான் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்). பட்டனை அழுத்தினால் பிஎச்பி அந்த ஸ்கிரிப்டை ஓட்டி விடையைக் காட்டும். என் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. சர்வரில் ஏற்றிய முதல் நாளே, ‘ஆரோக்கிய மாதா 2’ என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ‘2’ மட்டும் நின்றது.

காரணம் எஸ்கேப்ஷெல்ஆர்க் (escapeshellarg) என்ற பிஎச்பி ஃபங்ஷன். கொடுத்த சொல்லை மேற்கோளுக்குள் அடைத்து, அது கட்டளையாக ஓடாமல் வெறும் தரவாகவே நிற்கும்படி செய்வது அதன் வேலை. பயனர் தட்டச்சிட்டதைக் கட்டளை வரியில் வைப்பதாக இருந்தால் அதை இந்த ஃபங்ஷனில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். போடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு: படகுப் பெயர் கேட்கும் பெட்டியில் யாராவது அரைப்புள்ளி வைத்து இன்னொரு கட்டளையை எழுதினால், சர்வர் அதையும் ஓட்டிவிடும். ஆனால் சர்வரின் லோகேல் (மொழி, எழுத்து அமைப்பு) ‘சி’ (C) என்று இருந்தால், ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும் கொண்ட தொகுதிக்கு) வெளியே உள்ள எழுத்துகளை எஸ்கேப்ஷெல்ஆர்க் சத்தமில்லாமல் உதறிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இது கண்ணில் படவே படாது. நம்மைப் போலத் தமிழில் தரவு வைத்திருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறோம்.

செட்லோகேல் ஃபங்ஷனைப் போட்டு, தமிழும் அடங்கும் யூடிஎஃப்-8க்கு லோகேலை மாற்றினால் பெயர் திரும்பி வரும். நான் அதோடு நிறுத்தவில்லை. தரவைக் கட்டளை வரியிலேயே வைக்காமல், ஜேசன் (நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) ஆக்கி, ஸ்டாண்டர்ட் இன்புட் என்ற நிரலின் உள்ளீட்டுக் குழாய் வழியாகக் கொடுத்தேன். விடையும் ஜேசனாகவே வருகிறது. இரண்டு மொழிகளின் ஜேசன் ஃபங்ஷன்களும் இயல்பாகவே தமிழ் எழுத்தை ஆஸ்கி குறியீடாக மாற்றித்தான் எழுதும். அதனால் லோகேல் எதுவாக இருந்தாலும் ‘ஆரோக்கிய மாதா’ முழுசாகப் போய் முழுசாக வருகிறது. கட்டளையையும், வெளி நிரலை ஓட்டும் ப்ராக்_ஓப்பன் ஃபங்ஷனுக்கு ஒரே வரியாக இல்லாமல் ஒரு அரேயாக (பட்டியலாக) கொடுங்கள். பிஎச்பி 7.4 முதல் இந்த வசதி இருக்கிறது. நடுவில், கட்டளை வரியைப் படித்து ஓட்டும் ஷெல்லே வராது, அரைப்புள்ளி பயமும் இல்லை.

அடுத்தது, ‘டெர்மினலில் ஓடுகிறதே, இங்கே ஏன் ஓடவில்லை?’ என்ற கேள்வி. டெர்மினலில் ஓட்டுவது நீங்கள். இணையத்தில் ஓட்டுவது பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வேறொரு பயனர். அவருக்கு உங்கள் பாத்தும் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) தெரியாது, நீங்கள் ஆக்டிவேட் செய்த விர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் (இந்த வேலைக்கென்று தனியாக வைத்த பைத்தான்) தெரியாது. அந்த என்விரான்மென்ட்டின் ‘பின்’ (bin) ஃபோல்டரில் உள்ள பைத்தானையே முழு முகவரியோடு கூப்பிடுங்கள். ஸ்கிரிப்டுக்கும் முழு முகவரிதான்.

ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தால் அது உங்களுக்குத் தெரிய வேண்டும். கட்டளையை ஓட்டும் ஷெல்_எக்ஸெக் என்ற பிஎச்பி ஃபங்ஷன், நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் வெளியேறும் எண்ணைத் தராது; பிழைகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்ட் எரரில் பைத்தான் எழுதும் புலம்பலையும் தராது. எண் 0 என்றால் சரி, 127 என்றால் நிரலே கிடைக்கவில்லை, பிடிக்கப்படாத பிழையில் பைத்தான் விழுந்தால் 1. இதைப் பார்க்காமல் விட்டால் காலியான பட்டியலை ‘இன்று வரவு இல்லை’ என்று வியாபாரி நினைத்துக்கொள்வார். எரரையும் விடையையும் ஒரே குழாயில் கலக்கவும் கூடாது. ஒரு சின்ன எச்சரிக்கை வரி புகுந்தாலே ஜேசன் உடைந்துவிடும். தனித்தனியாக வைத்தாலும் இரண்டையும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். லினக்ஸில் இப்படி ஒரு குழாய் (பைப்) வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். அது நிறைந்ததும் பைத்தான் காத்து நிற்கும், பிஎச்பி பைத்தானுக்காகக் காத்து நிற்கும்.

அப்புறம் நேரம். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும் முதல் நாளில் எல்லாப் பட்டியலும் ஒன்றாகக் குவியும். பிஎச்பியின் 30 நொடி வரம்பு காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். லினக்ஸில் அந்தக் கணக்கில் வெளி நிரல் ஓடும் நேரம் சேராது. 60 நொடியில், பிஎச்பிக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 504 (நேரம் கடந்துவிட்டது) என்ற பிழையைக் காட்டிவிட்டது. பின்னால் பைத்தான் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வியாபாரி மறுபடி அழுத்தினார், இன்னொரு பைத்தான் கிளம்பியது. நான்கைந்து முறை அழுத்தியதும் சர்வர் படுத்துவிட்டது. லாரிக்காரர் காத்திருக்க, வியாபாரி நோட்டில் பேனாவால் கணக்குப் போட்டார். அது என் தவறு.

இப்போது பட்டன் டேட்டாபேஸில் ஒரு வரி மட்டும் எழுதுகிறது. அதே படகுக்கு வேலை நிலுவையில் இருந்தால் இரண்டாவது வரி ஏறாது. எப்போதும் விழித்திருக்கும் ஒரே பைத்தான் நிரல் அவற்றை வரிசையாக எடுத்து முடிக்கிறது. ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தை ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக ஏற்றும் தாமதமும் போய்விட்டது. பக்கம் 3 நொடிக்கு ஒருமுறை ‘முடிந்ததா?’ என்று கேட்கிறது, முடிந்ததும் பட்டியலைக் காட்டுகிறது.