அமெரிக்க அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளைப் பெரும்பாலும் நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்கிற உள்ளூர் அமைப்பு. நியூஜெர்சியில் மட்டும் ஏறத்தாழ 600 டிஸ்ட்ரிக்ட்டுகள். சிலவற்றில் இரண்டு மூன்று பள்ளிகள்தான் இருக்கும். ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டுக்கும் தனி எல்லை; வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் பிள்ளைக்கு இடம். புதிதாக வந்து இறங்கும் நம் குடும்பங்கள் முதலில் இடறுவது அங்கேதான்.

முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பி வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தபாலுக்கான ஊர் வேறு, பள்ளி எல்லை வேறு. நியூஜெர்சியில் பிரின்ஸ்டன் என்று முகவரி உள்ள பல அபார்ட்மெண்டுகள் பக்கத்து ஊரான பிளெயின்ஸ்பரோவில் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் போவது வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ பள்ளிகளுக்கு. (அதுவும் நல்ல பள்ளிதான், கவலை வேண்டாம்.) கதவு எண்ணைச் சொல்லி டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. 'எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று ஊரிலிருந்து கொண்டுவரும் அட்டையைப் பள்ளி நர்ஸ் திருப்பித் தருவார். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி உண்டு, புட்டாளம்மைக்கு இல்லை. இங்கே மூன்றும் சேர்ந்ததைக் கேட்பார்கள். அதோடு, ஒன்பதாம் மாதத்தில் போட்ட முதல் தவணை இங்கே கணக்கில் வராது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் செல்லும். சின்னம்மை ஊசியும் நம் அரசு அட்டவணையில் கிடையாது, இங்கே கேட்பார்கள். தேதியிலும் சிக்கல் வரும்: 05/08 என்பதை நாம் ஆகஸ்ட் 5 என்று எழுதியிருப்போம், அவர்கள் மே 8 என்று படிப்பார்கள். மாதத்தை எழுத்தில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார்கள். 'தமிழ் என்று போட்டால் பிள்ளையைக் கீழே தள்ளிவிடுவார்கள்' என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுவது நம்மிடம் சகஜம். வேண்டாத வேலை. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத்தில் ஒரு சின்னத் தேர்வு வைப்பார்கள். பிள்ளை நன்றாகச் செய்தால் அதோடு சரி. தேவைப்பட்டால் இலவசமாகக் கூடுதல் ஆங்கில வகுப்பு. அது வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு.

விசாவைக் காட்டச் சொல்வார்களோ என்ற பயமும் தேவையில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

டிசம்பரில் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு: விடுமுறை பத்து நாள்தான், டிக்கெட் ஐந்து வாரத்துக்கு. 180 நாள் பள்ளியில் 18 நாள் வராமல் போனாலே 10 சதவீதம். நீண்டநாள் வராமல் இருப்போர் பட்டியலில் பெயர் ஏறிவிடும்.

பிள்ளைக்குப் பேச்சிலோ படிப்பிலோ தடுமாற்றம் தெரிந்தால், டீச்சரிடம் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவதோடு விட்டுவிடாதீர்கள். 'பார்க்கலாம்' என்ற பதிலோடு ஒரு வருடம் ஓடிவிடும். பரிசோதனை வேண்டும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நியூஜெர்சியில் அப்படி எழுதிக் கொடுத்தால் 20 நாளுக்குள், பரிசோதனை தேவையா என்று முடிவு செய்ய டிஸ்ட்ரிக்ட் உங்களோடு ஒரு கூட்டம் கூட்டியாக வேண்டும். டிஸ்ட்ரிக்ட் செய்யும் பரிசோதனைக்குச் செலவு கிடையாது.

கடைசியாக, டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் கூட்டம் பெரும்பாலும் மாலையில், பொதுமக்கள் முன்னால்தான் நடக்கும். வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடத்தான் பெரும்பாலும் குடியுரிமை வேண்டும்; கூட்டத்தில் போய் உட்காரவும் எழுந்து பேசவும் அது தேவையில்லை.